லாகூர் பருப்பு, தில்லி அடுப்பு

பாகிஸ்தான் சமையல் என்றதும் கபாபும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே வீடுகளில் அன்றாடம் கொதிப்பது பருப்பும் கீரையும். அதே பருப்பும் கீரையும் 1947-ல் அகதிகளோடு தில்லிக்கு வந்தன. தலைநகரின் சைவச் சாப்பாடு என்று இன்று பெயர் வாங்கியிருப்பதில் பெரும்பகுதி அதுதான்.

தில்லி மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ரிட்டாலாவை நோக்கிப் போகும் ரயில் பீதம்புராவுக்கு முந்திய நிலையத்தில் நிற்கும்போது, ‘கோஹாட் என்க்ளேவ்’ என்று அறிவிப்பு வருகிறது. பயணிகள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அசல் கோஹாட் இருப்பது பாகிஸ்தானின் வடமேற்கில், பெஷாவருக்குத் தெற்கே. தலைநகரின் வடக்கிலும் மேற்கிலும் இப்படிப் பெயர்ப் பலகைகள் ஏராளம். குஜ்ரன்வாலா டவுன், மியான்வாலி நகர், முல்தான் நகர், தேராவால் நகர், பேரா என்க்ளேவ். எல்லாமே எல்லைக்கு அப்பால் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள்.

பெயர் பலகையில் நின்றுவிட்டது. ஊரின் ருசி சமையலறைக்குள் போயிற்று. இந்தக் காலனிகளில் மதிய வேளையில் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வேகும் கொண்டைக்கடலையும் உளுந்தும், அதே நேரத்தில் ராவல்பிண்டியிலும் லாகூரிலும் ஏதோ ஒரு வீட்டில் வெந்துகொண்டிருக்கும். இரு நாடுகளும் நான்கு முறை போரிட்டுவிட்டன. தாளிப்பு மட்டும் மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை சமையல்

லாகூரிலோ கராச்சியிலோ ஒரு நடுத்தர வீட்டின் வாரச் சமையலைப் பார்த்தால் தில்லி பஞ்சாபிக் குடும்பத்துக்கு வியப்பு ஏதும் இராது. மதியத்துக்கு ‘தால் சாவல்’, அதாவது பருப்பும் சோறும். மசூர், பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு என்று பருப்பு தினம் ஒன்றாக மாறும். தோல் நீக்கிய உளுந்தை உதிரியாக வேகவைத்து, மேலே இஞ்சியும் பச்சை மிளகாயும் தூவிய ‘மாஷ் கி தால்’ அங்கே விருந்தினருக்கும் வைக்கத் தகுந்த பதார்த்தம். பசலைக்கீரையோடு உருளைக்கிழங்கு, வெந்தயக்கீரையோடு உருளைக்கிழங்கு, காலிஃபிளவரோடு உருளைக்கிழங்கு. தணலில் சுட்டு மசித்த கத்தரிக்காய் பர்த்தா. வெண்டை, பாகல், சுரை, சேப்பங்கிழங்கு. நம்மூர் மோர்க்குழம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரியான ‘கடி’யும் உண்டு. புளித்த தயிரில் கடலைமாவைக் கரைத்து, நேரம் பார்க்காமல் கொதிக்கவிட்டு, வெங்காய பக்கோடாவை அதில் ஊறவிடுவார்கள். குளிர்காலம் வந்தால் கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும். விடுமுறை நாள் காலையில் பூரி, கொண்டைக்கடலை, ரவை அல்வா.

வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. தில்லியில் சைவ விருந்து என்றால் பனீர் இல்லாமல் நடக்காது. பாகிஸ்தான் வீடுகளில் பனீர் அன்றாடப் பொருள் அல்ல. அங்கே சுரைக்காயும் கீரையும் உருளைக்கிழங்கும் பல நாள் கறியோடு சேர்ந்தே வேகும். சைவம் என்பது அங்கே விரதமோ கொள்கையோ அல்ல. வீட்டு வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கு அண்மை ஆண்டுகளில் இன்னும் கடுமையாகிவிட்டது. 2023 மே மாதம் பாகிஸ்தானில் பணவீக்கம் 38 சதவீதத்தைத் தொட்டபோது பல வீடுகளில் கறி வாங்கும் நாட்கள் குறைந்தன. பருப்பும் மலிவாக இல்லை. இந்தியாவைப் போலவே பாகிஸ்தானும் தன் மசூர் பருப்புக்கு ஆஸ்திரேலியாவையும் கனடாவையும் நம்பியிருக்கிறது.

அரசே சைவத்துக்கு நாள் குறித்த கதையும் அங்கே உண்டு. கால்நடைகளைக் காப்பதற்காக வாரத்தில் செவ்வாய், புதன் ஆகிய இரண்டு நாட்களைப் பாகிஸ்தான் அரசு ‘இறைச்சியில்லா நாட்கள்’ என்று அறிவித்தது. கராச்சியில் பிறந்து லாகூரில் வளர்ந்த ஆங்கில எழுத்தாளர் சாரா சுலேரி, 1989-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பு நூலுக்கு ‘மீட்லெஸ் டேஸ்’ என்று பெயர் வைத்தது இதை நினைத்துத்தான். தில்லியில் அரசு அப்படி எதுவும் சொன்னதில்லை. ஆனால் கறி சாப்பிடும் பஞ்சாபி இந்துக் குடும்பங்கள் பலவற்றில் செவ்வாய்க்கிழமை அடுப்பில் கறி ஏறாது. அது ஹனுமானுக்கு உரிய நாள். காரணம் வேறு, கிழமை ஒன்று.

பாகிஸ்தானில் பிரிவினைக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்ட இந்துக்கள் இருக்கிறார்கள். 2023 மக்கள்தொகைக் கணக்குப்படி அவர்கள் சுமார் 50 லட்சம். பெரும்பாலோர் சிந்து மாகாணத்தில் வசிக்கிறார்கள். ஆகவே அங்கே சைவச் சமையல் முஸ்லிம் வீடுகளின் வார நாள் ஏற்பாடு மட்டுமல்ல. ஒரு சிறுபான்மையினர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் வழக்கமும்கூட.

தந்தூர் வந்த வழி

பிரிவினைக்கு முந்திய தில்லிக்கு வேறு ருசி இருந்தது. பழைய தில்லியின் முஸ்லிம் வீடுகளில் நிஹாரியும் கோர்மாவும். பனியா வீடுகளில் வெங்காயம், பூண்டு படாத உருளைக்கிழங்குக் குழம்பும் உளுந்து அரைத்துச் சேர்த்த பேட்மி பூரியும். முகலாயர் அரசவையிலும் பிரிட்டிஷார் அலுவலகத்திலும் எழுத்து வேலை பார்த்த காயஸ்தர்களுக்கு இரண்டும் கலந்த தனிச் சமையல். அப்படியொரு குடும்பத்தில் 1933-ல் பிறந்த சமையல்கலை எழுத்தாளர் மதுர் ஜாஃப்ரி, பஞ்சாபி அகதிகள் வந்த பிறகு தன் நகரத்தின் உணவு எப்படி மாறிப்போயிற்று என்பதைத் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

மாற்றத்தின் வேகத்தை எண்களே சொல்கின்றன. 1941-ல் தில்லியின் மக்கள்தொகை சுமார் 9 லட்சம். 1951-ல் அது 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இடையில் சுமார் 3.3 லட்சம் முஸ்லிம்கள் வெளியேறினார்கள். மேற்குப் பஞ்சாப், எல்லைப்புற மாகாணம், சிந்து ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். கிங்ஸ்வே முகாமிலும் இன்னும் பல இடங்களில் போட்ட கூடாரங்களிலும் தொடங்கிய வாழ்க்கை, பிறகு லாஜ்பத் நகர், ராஜிந்தர் நகர், படேல் நகர், மாளவியா நகர் என்று வீடுகளாக ஊன்றிக்கொண்டது. 1951-ல் அமைந்த கான் மார்க்கெட்டில் எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்களுக்குக் கடைகள் ஒதுக்கப்பட்டன. எல்லைக் காந்தியின் அண்ணன் டாக்டர் கான் சாஹிப்பின் பெயர்தான் அந்தச் சந்தைக்கு.

அவர்களோடு தந்தூர் வந்தது. மேற்குப் பஞ்சாப் கிராமங்களில் தெருவுக்கு ஒரு பொது அடுப்பு இருக்கும். ‘சாஞ்சா சூல்ஹா’ என்பார்கள். பெண்கள் வீட்டில் பிசைந்த மாவை எடுத்துக்கொண்டு அங்கே கூடுவார்கள். ரொட்டி வேகும் நேரத்தில் ஊர்க் கதையும் வெந்துவிடும். தில்லியின் அகதிக் காலனிகளிலும் முக்குக்கு முக்கு அதே போலத் தந்தூர்கள் முளைத்தன. இரவு ரொட்டி சுட்டு முடித்த பிறகு தணியும் சூட்டில் ஒரு பானை கறுப்பு உளுந்தை இறக்கி வைத்தால் காலையில் அது வெண்ணெய்போலக் குழைந்திருக்கும். தனியாக எரிபொருள் செலவு கிடையாது. பின்னாளில் நட்சத்திர ஹோட்டல்கள் இரவு முழுவதும் அடுப்பில் வைத்ததாகப் பெருமையோடு பரிமாறும் பருப்பின் பூர்விகம் இந்தச் சிக்கனம்தான்.

மேற்குப் பஞ்சாப் முழுவதும் கறி தின்றது என்ற எண்ணமும் சரியல்ல. 1877-ல் லாகூரில் வேரூன்றிய ஆரிய சமாஜம், 1893-ல் இரண்டாக உடைந்தபோது அதற்கான காரணங்களில் ஒன்று இறைச்சி உண்ணலாமா என்பது. உண்ணக்கூடாது என்றவர்களை எதிர்த் தரப்பு ‘காஸ் பார்ட்டி’, அதாவது புல் கட்சி என்று கேலி செய்தது. சீக்கிய குருத்வாராக்களின் லங்கரில் அன்றும் இன்றும் பருப்பும் ரொட்டியும்தான். எனவே 1947-ல் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் எல்லை தாண்டியவர்களில் கணிசமானோர் கடைந்தெடுத்த சைவர்கள். வந்த இடத்தில் கறிக்கு வழியில்லாமல் சைவமாக இருந்தவர்களும் உண்டு.

பிண்டியிலிருந்து நம்மூர் ஹோட்டல் வரை

அகதிகளின் சமையலில் முதலில் தெருவுக்கு வந்தது கொண்டைக்கடலை. ‘பிண்டி சோலே’ என்ற பெயரில் உள்ள பிண்டி, ராவல்பிண்டி. நல்ல பிண்டி சோலேயில் தக்காளிக் குழம்பு இருக்காது. தேயிலையோ உலர்ந்த நெல்லிக்காயோ கட்டிய சிறு மூட்டையோடு கடலையை வேகவைப்பதால் நிறம் கறுக்கும். புளிப்பு, உலர்ந்த மாதுளை விதைப் பொடியிலிருந்து வரும். கடைசியில் மசாலாத் தூளின் மேல் நெய்யைச் சுடச்சுட ஊற்றினால் முடிந்தது. கூடவே உப்பிய பட்டூரா. பஹாட்கஞ்சில் உள்ள சீதாராம் திவான் சந்த் கடையில் இதற்காகக் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும்.

அங்கிருந்து அது தெற்கே வந்தது. தமிழ்நாட்டு ஹோட்டல் சர்வர் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பட்டியலில் பூரி, பொங்கலுக்குப் பிறகு வரும் ‘சோளா பூரி’க்கும் சோழ மன்னர்களுக்கும் சம்பந்தமில்லை. சோளத்தோடும் சம்பந்தமில்லை. அது சோலே. பிண்டியிலிருந்து தில்லிக்கும் தில்லியிலிருந்து மதுரை, கோவைக்கும் வந்து சேர்வதற்குள் பெயரில் ஓர் எழுத்து மாறிற்று. மாதுளை விதை போய்த் தக்காளி வந்தது.

பருப்பின் கதை இன்னும் சுவாரசியம். பெஷாவர் உணவகம் ஒன்றில் வேலை பார்த்த குந்தன் லால் குஜ்ரால், பிரிவினையில் தில்லிக்கு வந்து, குந்தன் லால் ஜக்கி உள்ளிட்டவர்களோடு சேர்ந்து தரியாகஞ்சில் ‘மோத்தி மஹால்’ உணவகத்தைத் தொடங்கினார். பஞ்சாப் வீடுகளின் சாதாரண உளுந்துப் பருப்பில் தக்காளியும் வெண்ணெயும் பாலாடையும் சேர்ந்து ‘தால் மக்கனி’ ஆனது. அதைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்பது இன்று வழக்காகிவிட்டது. குஜ்ரால் குடும்பத்தின் மோத்தி மஹால், ஜக்கியின் பேரன் பங்குதாரராக உள்ள ‘தரியாகஞ்ச்’ உணவகத்தின் மீது தொடுத்த வழக்கு 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. வெண்ணெய்க் கோழியும் தால் மக்கனியும் யாருடைய மூளையில் உதித்தன என்பதே கேள்வி.

வழக்கில் யார் வென்றாலும் ஒன்று மாறாது. உளுந்தைக் குழைய வேகவைக்கும் வித்தையை உணவக முதலாளி யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது ஜீலம், செனாப் கரைகளில் இருந்த பெயர் தெரியாத பெண்களின் சொத்து.

வீட்டோடு நின்றவை

உணவகம் ஏறிய பதார்த்தங்கள் பிழைத்துக்கொண்டன. ஏறாதவற்றின் கதிதான் கேள்விக்குறி. வெண்ணெயும் பாலாடையும் பனீரும் தில்லியின் சைவச் சாப்பாட்டுக்கு ஒரே முகத்தைக் கொடுத்துவிட்டன. வெண்ணெய்க் கோழியின் குழம்பில் கோழிக்குப் பதில் பனீரைப் போட்டால் கல்யாண விருந்துக்குச் சைவம் தயார். இதற்கிடையே ஊருக்கு ஊர் வேறுபட்ட பழைய சமையல் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

முல்தானியர்களும் தேராவால்களும் செய்யும் ‘டோலி கி ரோட்டி’ அதற்கு ஓர் உதாரணம். கடலைப்பருப்பு, கசகசா, ஏலக்காய், கிராம்பு, பட்டை ஆகியவற்றை வெந்நீரில் ஊறவைத்து, மூடி, ஓரிரவு புளிக்கவிடுவார்கள். காலையில் மேலே நுரை கட்டியிருந்தால் அந்த நீரில் கோதுமை மாவைப் பிசையலாம். நுரை வராவிட்டால் எல்லாம் வீண். பொங்கிய மாவுக்குள் மசாலாவோடு மசித்த கடலைப்பருப்பை வைத்துப் பொரித்தெடுத்தால் சில நாட்களுக்குக் கெடாது. இட்லி மாவோடு மல்லாடும் தமிழ் வீடுகளுக்கு இதன் சூட்சுமம் புரியும். எந்தப் பானை, எந்தப் பருவம், எந்த மூலையில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கை அறியும்; புத்தகம் அறியாது.

மேற்கு தில்லியில் இன்னும் கிடைக்கும் முல்தானி மோட் கச்சோரியில் நரிப்பயறுதான் நாயகன். வறண்ட முல்தான் பகுதியில் குறைந்த நீரில் விளையும் பயறு அது. உளுந்தும் பூசணியும் மிளகும் சேர்த்து அரைத்து வெயிலில் காயவைத்த ‘வடி’, நம்மூர் வடகத்தின் வடக்கத்திய உறவு. காய்கறி கிடைக்காத நாளில் உருளைக்கிழங்கோடு இரண்டு வடியை உடைத்துப் போட்டால் குழம்புக்கு ஓர் அழுத்தம் வந்துவிடும். லாகூரிலும் இது உண்டு. தில்லியிலோ மொட்டை மாடிகள் அடுக்குமாடிகளாக மாறியபின் வடி காயவைக்க இடமில்லை. கடைப் பொட்டலம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

சிந்திகளின் சமையல் தமிழர்களுக்கு இன்னும் நெருக்கம். சிந்தி இந்துக்களில் பெரும்பாலோர் பம்பாய்க்கும் உல்லாஸ்நகருக்கும் போனார்கள். ஒரு பகுதியினர் தில்லி ராஜிந்தர் நகரில் குடியேறினார்கள். சிந்தி கடியில் தயிர் கிடையாது. கடலைமாவை எண்ணெயில் வறுத்து, புளி கரைத்து, முருங்கைக்காய், வெண்டைக்காய், கொத்தவரங்காய், உருளைக்கிழங்கு போட்டுச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவார்கள். பெயரை மறைத்துப் பரிமாறினால் சாம்பாரின் சொந்தம் என்றே தோன்றும். பசலைக்கீரை, புளிப்புக்கீரை, சோயிக்கீரை, கடலைப்பருப்பு எல்லாம் ஒன்றாகக் குழையும் ‘சாய் பாஜி’, நம் கீரைக் கூட்டுக்குப் போட்டி. தாமரைத் தண்டு இல்லாத சிந்தி விருந்து நிறைவு பெறாது. பழைய தில்லியின் ஃபத்தேபுரியில் சைனா ராம் இனிப்புக்கடை விற்கும் கராச்சி அல்வாவைத்தான் நகரம் அறியும். அந்தக் கடை லாகூரிலிருந்து இடம்பெயர்ந்தது. சாய் பாஜிக்கு அப்படிக் கடை எதுவும் அமையவில்லை.

எதிர்த்திசையில்

உணவு ஒரு பக்கமாக மட்டும் பயணம் செய்யவில்லை. கராச்சியில் ‘தெஹ்லி காலனி’ இருக்கிறது. தில்லியிலிருந்து போனவர்கள் குடியேறிய பர்ன்ஸ் ரோடு, இன்று அந்நகரின் புகழ்பெற்ற தின்பண்டத் தெரு. தயிர் வடையும் ரப்டியும் அங்கே தில்லியின் நினைவாகவே விற்கப்படுகின்றன. ஹைதராபாத் தக்காணத்திலிருந்து போனவர்கள் ‘ஹைதராபாத் காலனி’யில் புளி சேர்த்த பருப்பையும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பையும் ஊறுகாய்களையும் பிடிவாதமாகக் காப்பாற்றினார்கள். பாகிஸ்தான் இல்லத்தரசிகள் ‘ஆபா’ என்று கொண்டாடிய தொலைக்காட்சிச் சமையல் நிபுணர் ஜுபைதா தாரிக் (1945-2018) பிறந்ததும் ஹைதராபாத் தக்காணத்தில்தான். கராச்சி ஜின்னா மருத்துவமனைக்கு அருகே ‘மதராஸி பாரா’ என்ற பகுதியில் மாரியம்மன் கோயிலைச் சுற்றித் தமிழ் வம்சாவளி இந்துக் குடும்பங்கள் வசிக்கின்றன. வரைபடத்தில் போட்ட கோடு இவர்கள் யாருடைய ருசியையும் கேட்டுப் போடப்பட்டதல்ல.

உப்புக்கு வந்த தடை

அந்தக் கோடு அண்மை ஆண்டுகளில் சமையலறை வரை வந்துவிட்டது. தில்லியில் நவராத்திரி விரதம் இருப்பவர்கள் சாதாரண உப்பைத் தொடமாட்டார்கள். குட்டு மாவுப் பூரிக்கும் உருளைக்கிழங்குக்கும் ‘சேந்தா நமக்’ மட்டும்தான். அதன் இன்னொரு பெயர் ‘லாகூரி நமக்’. அது பெருமளவில் வெட்டியெடுக்கப்படும் இடம், பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஜீலம் மாவட்டத்திலுள்ள கேவ்ரா சுரங்கம். தமிழ் நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். சிந்து நாட்டு உப்பு என்பதே பெயரின் மூலம்.

2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் பொருட்களுக்கு இந்தியா 200 சதவீத இறக்குமதி வரி விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாகிஸ்தான் இந்தியாவுடனான வர்த்தகத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது. மே 2-ம் தேதி, பாகிஸ்தானிலிருந்து நேரடியாகவோ வேறு நாடு வழியாகவோ எந்தப் பொருளும் வரக்கூடாது என்று இந்தியா உத்தரவிட்டது. விசாக்கள் ரத்தாயின. விரதக்காரர்களின் உப்பும் அந்தப் பட்டியலில் அடக்கம். பயங்கரவாதத்துக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலின் விலையில் ஒரு சிட்டிகை, பூஜையறைக்குப் பக்கத்துச் சமையலறையிலும் வசூலாகிறது.

உப்புக்கு மாற்று கிடைத்துவிடும். மனிதர்களுக்குக் கிடைக்காது. 1947-ல் பத்து வயதில் எல்லை தாண்டியவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். அசல் முல்தான் சமையலறையில் சாப்பிட்ட கடைசி நாக்குகள் அவர்களுடையவை. அவர்களிடம் கற்ற மருமகள்களுக்கே எழுபது வயது. அளவுகள் எல்லாம் ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை, நுரை வரும்வரை என்ற கணக்குதான். பேத்திகள் வேலைக்குப் போகிறார்கள். ஓரிரவு காத்திருந்து நுரை பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. உணவகங்களுக்கு அதில் லாபமில்லை. எழுதி வைக்காவிட்டால் இந்தத் தலைமுறையோடு பல பதார்த்தங்களின் கதை முடிந்துவிடும்.

ஒரு நம்பிக்கைக் கீற்று எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. ஊர் போய்க் கேட்க விசா இல்லை என்றாலும் செல்போன் திரையில் சமையல் குறிப்புக்குக் குறைவில்லை. லாகூர்ப் பெண் உருதுவில் சொல்வதும் தில்லிப் பெண் இந்தியில் சொல்வதும் ஒருவருக்கொருவர் புரிகிறது. ஒருவர் ‘தட்கா’ என்கிறார், இன்னொருவர் ‘பகார்’ என்கிறார். சட்டியில் சீறும் சீரகத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

‘வீட்டுக் கோழியும் பருப்பும் ஒன்று’ என்று இரு நாட்டிலும் ஒரு பழமொழி உண்டு. கையருகே இருப்பதை யாரும் மதிப்பதில்லை என்பது பொருள். முக்கால் நூற்றாண்டாகக் கோழிக்குக் கிடைத்த மரியாதையில் பாதியாவது பருப்புக்குக் கிடைத்திருந்தால், கோஹாட் என்க்ளேவ் வீடுகளில் கோஹாட்டின் சமையல் குறிப்பு ஒன்றாவது எழுத்தில் இருந்திருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.